காணாமற்போனவருக்குப் பட்ட கடன்

ஒருவர் மௌத்தாகிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது நமக்குத் தெரியும். குளிப்பாட்டுவதும் கபனிடுவதும் தொழுவிப்பதும் அடக்குவதும் ஊரார் மீதுள்ள கடமைகள். ஜனாஸாவை வைத்துக்கொண்டு தாமதிக்கக் கூடாது என்பதும் தெரியும். ஆனால், ஒருவர் காணாமற்போய்விட்டால்? குளிப்பாட்ட உடலில்லை, அடக்கக் கபுறில்லை. அந்த வீட்டுக்குப் போகிறவர் ஜனாஸா வீட்டுக்கு வந்தவரைப் போலப் பேசுவதா, நோயாளியை நலம் விசாரிக்க வந்தவரைப் போலப் பேசுவதா என்று தெரியாமல் வாசலிலேயே தடுமாறி நிற்கிறார்.

இந்தத் தடுமாற்றத்தைப் பற்றி நேர்மையாகச் சிந்தித்த ஒரு படைப்பைச் சில காலத்துக்கு முன்னர் பார்க்கக் கிடைத்தது. நாவலோ விருதுபெற்ற திரைப்படமோ அல்ல. ‘தி எக்ஸ் பைல்ஸ்’ என்ற அமெரிக்கத் துப்பறியும் தொடரில் ‘வன் பிரெத்’ என்ற பெயருடைய ஓர் அத்தியாயம். ஒரு மூச்சு என்று பொருள் கொள்ளலாம். 1994 நவம்பர் 11ஆம் திகதி பொக்ஸ் தொலைக்காட்சியில் முதன்முதலாக ஒளிபரப்பானது. கிளென் மோர்கன், ஜேம்ஸ் வோங் ஆகிய இருவரும் எழுதியது. வேற்றுக்கிரகவாசிகள் வருகின்ற தொடரைப் பற்றி இலக்கியச் சஞ்சிகையில் எழுதுவதா என்று முகஞ்சுளிப்போர் இருக்கக்கூடும். ஆயிரத்தொரு இரவுகளை இலக்கியமென்று ஏற்றுக்கொண்ட நமக்கு அந்தக் கூச்சம் தேவையில்லை என்றே எனக்குப் படுகிறது.

கதை இதுதான். மல்டர், ஸ்கலி என்று இரண்டு அதிகாரிகள். அமெரிக்கப் புலனாய்வுப் பணியகத்தில் விளக்கமளிக்க முடியாத வழக்குகளைத் துப்பறிபவர்கள். அவன் எதையும் நம்பத் தயாரானவன். அவள் மருத்துவம் படித்தவள், சான்று கேட்பவள். பணியகத்தின் முன்னாள் அதிகாரி ஒருவன் அவளைக் கடத்திக்கொண்டு போகிறான். வர்ஜீனியாவிலுள்ள ஒரு மலையுச்சியில் அவள் மறைந்துபோகிறாள். காரில் மிஞ்சியது அவள் கழுத்தில் அணிந்திருந்த சிறிய தங்கச் சிலுவை மட்டுமே. மல்டர் அதை அவளுடைய தாயிடம் கொடுக்கப் போகிறான். தாய் வாங்கிக்கொள்ளவில்லை. மகளைக் கண்டுபிடிக்கும்போது நீயே அவளிடம் கொடு என்கிறாள். நம்முடைய பாஷையில் சொன்னால் அது ஓர் அமானிதம். மல்டருக்குச் சிலுவையில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும், அதைப் பத்திரமாக வைத்திருக்கிறான்.

இத்தனைக்கும் காரணம் ஒரு சாதாரண சங்கடம். ஸ்கலியாக நடித்த ஜிலியன் அண்டர்சன் அப்போது கர்ப்பிணியாக இருந்தார். 1994 செப்டெம்பரில் அவருக்குக் குழந்தை பிறந்தது. அவரைச் சில வாரங்களுக்குத் திரையிலிருந்து அகற்ற வழி தேட வேண்டியிருந்தது. அதற்காகவே அந்தக் கடத்தல். மீண்டு வந்த அத்தியாயத்தில் அவர் பெரும்பாலான நேரம் கட்டிலில் கண்மூடிக் கிடப்பதற்கும் இதுவே காரணம். ஒரு பிரசவ விடுமுறையிலிருந்து இப்படியொரு கதை பிறந்திருக்கிறது என்பதை நினைக்க எனக்கு வியப்பாக இருக்கிறது. நெருக்கடியில்தான் நல்ல எழுத்து வரும் என்று இதை வைத்துச் சட்டம் போட நான் வரவில்லை. நெருக்கடியில் வந்த குப்பைகளையும் நிறையப் படித்திருக்கிறேன்.

அத்தியாயத்தின் தொடக்கத்தில் தாய் மகளுக்குக் கல்லறைக் கல் செய்வித்திருக்கிறாள். நம்மூர் மீஸான் கல்லைப் போல. பெயரும் பிறந்த ஆண்டும் 1994 என்ற முடிவாண்டும் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. உடல் கிடைக்கவில்லை, கல் மட்டும் ஆயத்தம். மல்டரால் அதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அவனுடைய தங்கையும் எட்டு வயதில் காணாமற்போனவள். 1973 முதல் அவன் தேடிக்கொண்டிருக்கிறான். தேடுவதே அவனுக்கு வாழ்க்கையாகிவிட்டது. இனித் தேடுவதற்கில்லை என்று எவராவது சொன்னால் அது அவனுக்குத் துரோகமாகவே கேட்கிறது.

நாடகம் பார்ப்பவர்கள் இந்த இடத்தில் மல்டரின் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் சாய்ந்தேன். பிறகு நிதானித்துப் பார்த்தபோது அந்தத் தாயைப் பற்றி யோசிக்க வேண்டியிருந்தது. கல் செய்வித்தவள் மகளைக் குறைவாக நேசித்தவளா? மல்டரைவிட அவளுக்கல்லவா உரித்து அதிகம்? அவளுக்கு ஓரிடம் தேவைப்பட்டிருக்கிறது. போய் நிற்க, பூ வைக்க, அழ. அவ்வளவுதான்.

நமது பிக்ஹு நூல்களில் ‘மப்கூத்’ என்றொரு பகுதி உண்டு. காணாமற்போனவர் பற்றிய சட்டம். என்னோடு படிப்பிக்கின்ற மௌலவி ஒருவரிடம் இந்த நாடகத்தின் கதையைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, “சேர், இது உமர் ரலியல்லாஹு அன்ஹுவுடைய காலத்துக் கதையல்லவா?” என்றார். அவர் நினைவூட்டிய செய்தி பழைய ஹதீஸ் தொகுப்புகளில் வருகிறது. அன்ஸாரிகளில் ஒருவர் இஷாத் தொழுகைக்கென்று புறப்பட்டுப் போனவர் வீடு திரும்பவில்லை. மனைவி கலீபாவிடம் முறையிட்டார். நான்கு வருடங்கள் காத்திருக்கும்படி கலீபா சொன்னார். காலம் கடந்தது, இத்தா முடிந்தது, அந்தப் பெண் மறுமணம் செய்துகொண்டார். அதன் பின்னர் முதற் கணவர் வந்து நின்றார். தன்னை ஜின்கள் பிடித்துக்கொண்டு போயின என்றார். மனைவியா, கொடுத்த மஹரா என்று தெரிவுசெய்யும் உரிமையை உமர் (ரலி) அவருக்கு வழங்கினார்கள். அமெரிக்கர்கள் வேற்றுக்கிரகவாசிகளைச் சொல்வதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தச் சிக்கலை ஒரு மனிதர் தீர்க்க வேண்டியிருந்திருக்கிறது.

அலி (ரலி) அவர்களின் கருத்து வேறு. அவள் சோதிக்கப்பட்ட பெண். மரணமோ தலாக்கோ உறுதியாகும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்பது. இமாம் ஷாபிஈ அவர்கள் பக்தாதில் சொன்ன பழைய கருத்து உமரைப் பின்பற்றியது. எகிப்தில் சொன்ன புதிய கருத்து அலியைப் பின்பற்றியது. ஒரே இமாம் இரு பக்கமும் நின்றிருக்கிறார்கள் என்பதிலிருந்தே கேள்வியின் பாரம் விளங்குகிறது. என்னை மிகவும் கவர்ந்தது ஹனபிகள் சொல்லும் ஒரு நுட்பம். காணாமற்போனவர் தன்னுடைய உடைமைகளைப் பொறுத்தவரை உயிருடன் இருப்பவர். ஆகவே, அவருடைய சொத்தை எவரும் பங்குபோட முடியாது. பிறரிடமிருந்து அவருக்கு வரவேண்டிய வாரிசுரிமையில் அவரை உயிருள்ளவராகக் கொள்ள முடியாது. ஆகவே, அந்தப் பங்கைக் கொடுத்துவிடாமல் ஒதுக்கி வைக்க வேண்டும். ஒரே மனிதர் ஒரு கணக்கில் உயிருடன், இன்னொரு கணக்கில் உயிரற்று. முதலில் இது வெறும் சட்டக் கணக்காகவே எனக்குத் தோன்றியது. இப்போது அதில் பெரிய இரக்கம் இருப்பதாகப் படுகிறது. மனைவியின் காத்திருப்பு ஒரு முடிச்சு, சொத்து ஒரு முடிச்சு, மய்யித்து இன்னொரு முடிச்சு. ஒன்றை அவிழ்த்ததற்காக மற்றதையும் அறுத்துவிட்டதாக ஆகாது. அந்தப் பெண் மறுமணம் செய்ததால் கணவரை அவர் கொன்றுவிடவில்லை. கல் செய்வித்த தாயும் மகளைப் புதைத்துவிடவில்லை.

நமது நாட்டின் சட்டமும் தட்டுத்தடுமாறி இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. காணாமற்போனோருக்கு மரணச் சான்றிதழ் வழங்க 2010இல் தற்காலிக ஏற்பாட்டுச் சட்டமொன்று நிறைவேறியது. சான்றிதழை வாங்கினால் பிள்ளையை நாமே கொன்றதாகிவிடும் என்று பல தாய்மார் மறுத்தார்கள். 2016இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, இறந்தார் என்று சொல்லாமல் காணவில்லை என்று மட்டும் சொல்லுகின்ற சான்றிதழுக்கு வழி செய்யப்பட்டது. அதை வைத்துச் சொத்து விடயங்களைப் பார்க்கலாம், கொடுப்பனவுகளைப் பெறலாம். 1990 ஜூலையில் குருக்கள்மடத்தில் வழிமறித்துக் கொண்டுசெல்லப்பட்ட காத்தான்குடிப் பயணிகளின் வீட்டார் இப்படியொரு ஏற்பாட்டுக்காக எத்தனை வருடங்கள் காத்திருந்தார்கள் என்பதை நம்மவர்கள் அறிவர்.

நாடகத்துக்கு வருவோம். ஸ்கலி திடீரென்று வொஷிங்டனில் ஒரு வைத்தியசாலையில் கிடக்கிறாள். எப்படி வந்தாள், யார் கொண்டுவந்தார்கள் என்று எவருக்கும் தெரியாது. நினைவில்லை. செயற்கைச் சுவாசக் கருவி மூச்சைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இந்நிலை வந்தால் கருவியில் வைத்திருக்க வேண்டாம் என்று அவளே முன்னர் எழுதி வைத்திருக்கிறாள். சாட்சிக் கையொப்பமிட்டவன் மல்டர். கருவி அகற்றப்படுகிறது. காணாமற்போனவள் கிடைத்துவிட்டாள், ஆனால் இழப்பு இப்போதுதான் அருகில் வருகிறது.

மல்டர் என்ன செய்கிறான்? அவளருகில் இருப்பதில்லை. ஓடுகிறான். யார் செய்தார்கள் என்று தேடி, அதற்குப் பொறுப்பானவனின் இருப்பிடத்தைக் கண்டுபிடித்துத் துப்பாக்கியை முகத்துக்கு நேரே நீட்டுகிறான். சுட முடியாமல் திரும்புகிறான். பிறகு இரகசிய நண்பன் ஒருவன் தகவல் தருகிறான். கடத்தியவர்கள் இன்றிரவு 8.17க்கு உன் வீட்டைச் சோதனையிட வருவார்கள், நீ இருட்டில் காத்திரு, தற்காப்புக்காகச் சுட்டதாகவே ஆகும். அவன் துப்பாக்கியோடு இருட்டில் உட்காருகிறான். அப்போது ஸ்கலியின் சகோதரி மெலிஸா வந்து கதவைத் தட்டுகிறாள். தங்கை பலவீனப்பட்டுக்கொண்டிருக்கிறாள், இன்றிரவே போய்விடக்கூடும், வந்து பக்கத்தில் இரு என்கிறாள். அவன் மறுக்கிறான். மெலிஸா கோபப்படுகிறாள்.

அவன் எழுந்து போகிறான். இரவு முழுவதும் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலருகில் இருக்கிறான். காலையில் வீட்டுக்கு வந்தால் எல்லாம் கலைத்துப் போடப்பட்டிருக்கிறது. வந்தவர்கள் வந்து போய்விட்டார்கள். அவன் தரையில் சரிந்து அழுகிறான். இந்தக் காட்சியில் வசனம் ஒன்றுமில்லை. தொலைக்காட்சியில் நான் கண்ட மிகச் சிறந்த அழுகை இதுதான் என்பேன்.

அடுத்து அவள் கண் விழிக்கிறாள். அமானிதமாக வைத்திருந்த சிலுவை அவளிடம் சேர்கிறது. இங்கேதான் எனக்கு நாடகத்தோடு ஒரு வழக்கு உண்டு. அவள் பிழைத்ததால் அவன் சரியாகச் செய்தான் என்றாகிவிடுகிறது. பார்வையாளர் நிம்மதியாகத் தூங்கப் போகிறார். அன்றிரவே அவள் இறந்திருந்தால்? பழியும் கிடைக்கவில்லை, அவளும் மிஞ்சவில்லை. அப்போதும் அவன் எழுந்து போனது சரிதானா? சரிதான் என்றே நான் சொல்வேன். அவள் பிழைப்பது அவனுடைய கையில் இல்லை. எங்கே இருப்பது என்பது மட்டுமே அவனுடைய கையில் இருந்தது. துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்த மனிதன் அவளுக்காக உட்கார்ந்திருந்ததாகவே நினைத்தான். ஆனால், அந்த இருட்டறையில் அவளுக்குத் தேவையானது ஒன்றுமே இல்லை.

இப்படிச் சொல்வதில் ஓர் ஆபத்து இருப்பதையும் அறிவேன். “பழையதைக் கிளறாதீர்கள், இருப்பவர்களைப் பாருங்கள்” என்று அதிகாரத்திலுள்ளோர் சொல்லுவதும் ஏறக்குறைய இதே வார்த்தைகளில்தான். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் உட்காரத் தொடங்கிய தாய்மாரிடம் போய் மல்டரின் கதையைச் சொல்லி, எழும்பி வீட்டுக்குப் போங்கள் என்று எவராவது சொல்வாரானால் அவர் கதையை விளங்கிக்கொள்ளவில்லை. அந்தத் தாய்மார் துப்பாக்கியோடு உட்காரவில்லை, புகைப்படத்தோடு உட்கார்ந்தார்கள். எங்கே என்று கேட்பது வேறு, இருட்டில் காத்திருப்பது வேறு. மல்டரும் தேடலைக் கைவிடவில்லை. தொடர் பின்னர் பல ஆண்டுகள் ஓடுகிறது, அவன் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறான்.

யஃகூப் நபி (அலை) அவர்களைப் பற்றி நாம் பேசும்போது அழகிய பொறுமையைச் சொல்லுவோம், அழுதழுது கண்கள் வெளுத்துப்போனதைச் சொல்லுவோம். நாம் அதிகம் பேசாத ஒன்று உண்டு. யூஸுபை ஓநாய் தின்றது என்று இரத்தம் தோய்ந்த சட்டையோடு வந்த பிள்ளைகளை அவர்கள் நம்பவில்லை. அதாவது, குற்றவாளிகள் தன் வீட்டுக்குள்ளேயே, தன் ஸுப்ராவிலேயே இருந்து சாப்பிடுகிறார்கள் என்ற சந்தேகத்தோடுதான் அந்தத் தகப்பன் இத்தனை காலம் வாழ்ந்திருக்க வேண்டும். கடைசியில் யூஸுபைத் தேடிப் போங்கள் என்று அனுப்பியது யாரை? அதே பிள்ளைகளைத்தான். தொலைத்தவர்களிடமே தேடும் வேலையைக் கொடுத்தார்கள். அவர்கள் தேடிப் போனதால்தான் யூஸுபின் முன்னால் நின்று தங்கள் தவறை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. இதைப் பொறுமை என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. மல்டருக்கு வந்த தகவல் அன்று அந்தத் தகப்பனுக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று மௌலவியிடம் கேட்டேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, “சேர், வந்தவனுவளிடம் கேள்வி கேட்டிருப்பாங்க” என்றார்.

நாடகத்தில் அந்தக் கல்லறைக் கல்லை மறுபடி காட்டுவதில்லை. பெயர் பொறித்தாகிவிட்டது, 1994 என்ற ஆண்டும் பொறித்தாகிவிட்டது. மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்தத் தாய் அதை என்ன செய்திருப்பாள் என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.