நின்றுபோன நிகழ்ச்சியின் நிலுவை

ஜீ தமிழ் தொலைக்காட்சியில் 2011 முதல் வந்துகொண்டிருந்த 'சொல்வதெல்லாம் உண்மை' என்ற குடும்பப் பஞ்சாயத்து நிகழ்ச்சிக்கு, 2018 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. நிகழ்ச்சியும் முடிவுக்கு வந்தது. அதன் நேரத்தை வேறு நிகழ்ச்சிகள் எடுத்துக்கொண்டன. தொலைக்காட்சியில் எந்த அரை மணி நேரமும் வெறுமையாகக் கிடப்பதில்லை. ஒன்று போனால் மறுநாளே அங்கே இன்னொன்று வந்து உட்காரும். விளம்பரதாரருக்கு அதோடு கணக்கு தீர்ந்துவிடுகிறது. ஏழைக் குடும்பங்களின் அந்தரங்கத்தை ஏழு ஆண்டுகள் காட்டிப் பொருள் ஈட்டிய ஒரு நிறுவனத்துக்கும் அவ்வளவில் கணக்கு தீர்ந்துவிடுமா என்பதுதான் கேள்வி.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று நீளும் சென்னையின் மேற்குப் புறநகரிலிருந்து இந்தக் கேள்வியைப் பார்ப்பது நல்லது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960களில் வந்ததிலிருந்து இங்கே வீடுகள் ஷிப்ட் கணக்கில் விழிக்கின்றன, தூங்குகின்றன. நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் உள்ளே படுத்திருக்க, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பகலில் டிவி பார்க்கும் வீடுகள் கள்ளிக்குப்பத்திலும் பட்டாபிராமிலும் குமணன்சாவடியிலும் உண்டு. 'சொல்வதெல்லாம் உண்மை' மேடைக்கு வந்தவர்கள் இந்த வீட்டு மனிதர்களின் சாயலில்தான் இருந்தார்கள். தினக்கூலிக்குப் போகிறவர், நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர், எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை செய்பவர், ஆட்டோ ஓட்டுபவர். வங்கி மேலாளரின் மணமுறிவும் மருத்துவரின் இரண்டாம் திருமணமும் அங்கே பஞ்சாயத்துக்கு வரவில்லை. வசதி உள்ளவர்களின் சண்டை வக்கீல் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு தீரும். அந்தக் கதவுக்குக் காசு கொடுக்க முடியாதவர்கள்தான் கேமராவுக்கு முன்னால் வந்து அமர்ந்தார்கள்.

நிகழ்ச்சியை வையாதவர் இல்லை. ஆனால் அதற்கு ஆதரவான ஒரு வாதம் உண்டு. அதை அவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியாது. கணவன் விட்டுவிட்டுப் போன ஒரு பெண், திருமுல்லைவாயலில் வாடகை வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போவாள். 1992இல் ஆயிரம் விளக்கில் தொடங்கிய ஏற்பாடு இன்று அம்பத்தூர், ஆவடி வரை வந்திருக்கிறது. அது பெரிய காரியம்தான். அங்கே மனு வாங்கி சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். கணவனைக் கூப்பிட்டு அனுப்புவார்கள், அவன் வரமாட்டான். வந்தாலும் பேசிச் சேர்ந்து போகும்படி சொல்லி அனுப்புவார்கள். பிறகு ஜீவனாம்ச மனு, அதன் பிறகு வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும், மேஸ்திரியின் முகம் மாறும். இந்த நிலையில் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் அவளைக் கூப்பிடுகிறது. பணம் கேட்கவில்லை. வராத கணவனை வரவழைத்து எதிரில் உட்கார வைக்கிறது. பெயர் பெற்ற ஒரு தொகுப்பாளர், நிர்மலா பெரியசாமியோ லட்சுமி ராமகிருஷ்ணனோ, அவள் சொல்வதை முழுசாகக் கேட்கிறார். அதுவரை யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. அந்த நிகழ்ச்சியில் வெளிவந்த பேச்சு ஒன்றைத் தொடர்ந்து விழுப்புரம் பகுதியில் மறைந்துகிடந்த கொலைகள் வெளிச்சத்துக்கு வந்ததும் உண்டு. இதையெல்லாம் மறைத்துவிட்டு நிகழ்ச்சியைப் பழிப்பது நேர்மையாகாது.

அவள் தேடி வந்தது நீதி. கிடைத்தது ஒரு மேடை. மேடையில் ஒருவர் கேட்பதற்கும் நீதிபதி கேட்பதற்கும் உள்ள தூரம் அவளுக்குத் தெரியாதிருக்கலாம், நிறுவனத்துக்குத் தெரியும். தொகுப்பாளர் எவ்வளவு நல்ல மனத்தோடு அமர்ந்திருந்தாலும் விளம்பர இடைவேளைக்கு முன் ஒரு கண்ணீரோ ஒரு கைகலப்போ வேண்டும் என்பது அந்த வடிவத்தின் தேவை. நிகழ்ச்சி முடிவதற்குள் ஒருவர் குற்றவாளி ஆக வேண்டும். உச்ச நீதிமன்றம் ஆறுமுகம் சேர்வை வழக்கில் கட்டப் பஞ்சாயத்துகள் முற்றிலும் சட்டவிரோதமானவை என்று சொன்னதும் 2011இல்தான். அதே ஆண்டில் ஒரு பஞ்சாயத்து விளக்கு வெளிச்சத்தோடு வீட்டுக்கு வீடு வந்தது.

இஷ்டப்பட்டுத்தானே வந்தார்கள் என்பார்கள். ஒப்புதல் என்ற சொல் இந்த விவாதத்தில் அளவுக்கு மீறிய பாரத்தைச் சுமக்கிறது. முறையிட வந்தவளின் ஒப்புதலைக் கையெழுத்தில் காட்டலாம், அது வேறு வழியில்லாததால் வந்த ஒப்புதல் என்றாலும்கூட. எதிர்த் தரப்பில் உட்கார்ந்த கணவனும் மாமியாரும் எதற்கு வந்தார்கள்? வராவிட்டால் தங்களைப் பற்றிய கதை தாங்கள் இல்லாமலே ஊருக்குச் சொல்லப்படும் என்று வந்தார்கள். அதை விருப்பம் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. பிள்ளைகளை யாரும் கேட்கவே இல்லை. அம்மாவின் காதலைப் பற்றியும் அப்பாவின் குடியைப் பற்றியும் தெரு முழுக்க அறிந்துகொண்ட மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனது அவர்கள்தான்.

இந்த நாட்டின் சட்டம் இதை வெகு காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தது. இந்து திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, திருமண வழக்குகளைக் கதவடைத்து விசாரிக்கவும் அவற்றின் விவரத்தைப் பொதுவில் அச்சிடாதிருக்கவும் சொல்கிறது. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டத்தில், இரு தரப்பில் ஒருவர் கேட்டாலே கதவடைத்த விசாரணைதான். 1994இல் நக்கீரன் இதழ் தொடுத்த ஆட்டோ சங்கர் தன்வரலாற்று வழக்கில் உச்ச நீதிமன்றம் பத்திரிகையின் உரிமையைக் காத்தது. அதே தீர்ப்பில், ஒருவரின் குடும்பம், திருமணம், தாய்மை, பிள்ளைப்பேறு போன்றவற்றை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்றும் சொன்னது. சுதந்திரமும் அந்தரங்கமும் ஒரே தீர்ப்பில் இடம்பெற்ற தமிழ்நாட்டு வழக்கு அது. நம் தொலைக்காட்சிகள் அதன் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டன.

ஒரு சேனலை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. சன் தொலைக்காட்சியில் குஷ்பு தொகுத்த 'நிஜங்கள்' இதே வடிவம். அதற்கு முன்பே விஜய் தொலைக்காட்சியில் லட்சுமி தொகுத்த 'கதையல்ல நிஜம்' இருந்தது. தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் இதன் உடன்பிறப்புகள் உண்டு. இதில் பார்வையாளர்களுக்கும் பங்கு உண்டு. 'சொல்வதெல்லாம் உண்மை'யில் லட்சுமி ராமகிருஷ்ணன் சொன்ன 'என்னம்மா இப்படிப் பண்றீங்களேம்மா' என்ற வரி நகைச்சுவை நிகழ்ச்சிக்குப் போய், 2016இல் வெளிவந்த 'ரஜினி முருகன்' படத்தின் பாட்டாகி, கல்யாண மண்டபங்களில் ஒலித்தது. அந்த வரியைப் பரிகாசமாக்குவதை அவர் எதிர்த்தார், அதற்கும் சிரித்தார்கள். அந்த வரி முதலில் யாருடைய அவமானத்தின் நடுவே சொல்லப்பட்டது என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

இத்தகைய நிகழ்ச்சிகளை நிறுத்தினால் வேலை போகுமே என்ற கவலையும் சொல்லப்படுகிறது. பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்து ஈ.வி.பி. பிலிம் சிட்டியில் பிக் பாஸ் வீடு எழுந்த பிறகு, இந்தப் பக்கத்துக்கு அந்தக் கவலை அந்நியமானதும் அல்ல. ஆனால் லைட்மேனுக்கும் தச்சருக்கும் எந்த நிகழ்ச்சி என்பது முக்கியமில்லை, ஒரு நிகழ்ச்சி வேண்டும். மாற்று வந்தால் அந்தக் கவலை தீரும்.

எனவே மாற்று எது என்பதே விஷயம். பிரிட்டனில் இதற்கு நெருக்கமான ஒன்று நடந்தது. ஐ.டி.வி. நிறுவனம் 2005 முதல் பகல் நேரத்தில் ஒளிபரப்பிய 'ஜெரமி கைல் ஷோ'வில், பொய் கண்டறியும் சோதனையில் தோற்றதாக அறிவிக்கப்பட்ட ஒருவர் பதிவு முடிந்த சில நாட்களில் உயிரை மாய்த்துக்கொண்டார். 2019 மே 15 அன்று நிறுவனம் நிகழ்ச்சியை முழுவதுமாக நிறுத்தியது. முதலில் பழைய நிகழ்ச்சிகளின் மறு ஒளிபரப்பால் அந்தக் காலை நேரத்தை நிரப்பினார்கள். 2020 ஜனவரியில் முன்னும் பின்னும் இருந்த நிகழ்ச்சிகளை நீட்டி அந்த இடத்தையே அட்டவணையிலிருந்து இல்லாமல் செய்தார்கள். அந்த மரணத்துக்கு நிகழ்ச்சிதான் காரணம் என்று உறுதிசெய்யும் அளவுக்குச் சான்று இல்லை என்றே 2024இல் மரண விசாரணை அதிகாரி முடிவு செய்தார். ஆயினும் நிறுவனம் அந்த நிகழ்ச்சியைத் திரும்பக் கொண்டுவரவில்லை. காரணத்தை நிரூபிப்பது நீதிமன்றத்தின் அளவுகோல். ஒருவரை அந்த நிலையில் நிறுத்திப் பணம் பண்ணலாமா என்பதற்கு அந்த நிரூபணம் தேவைப்படுவதில்லை.

அந்த நிறுவனம் செய்த இன்னொரு காரியம்தான் தமிழ்ச் சேனல்களுக்கு முக்கியம். நிறுத்திய கையோடு, மறு ஒளிபரப்பையும் இணையத்தில் கிடந்த பழைய பதிவுகளையும் அகற்றியது. ஒளிபரப்பு விதிகளைக் கவனிக்கும் ஆஃப்காம் அமைப்பு, நிகழ்ச்சிகளில் பங்கேற்போரின் நலனைக் காக்கும் புதிய விதிகளை 2021 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

இங்கே நிகழ்ச்சி நின்றது, பதிவுகள் நிற்கவில்லை. யூடியூபில் இன்றும் தேடினால் வருகின்றன. முழுப் பகுதியாகவும் வருகின்றன, நடுவில் நடந்த அடிதடியை மட்டும் வெட்டி யாரோ போட்ட துண்டாகவும் வருகின்றன. முன்பு அட்டவணை என்று ஒன்று இருந்தது. ஒரு நாள் ஒளிபரப்பானால் அக்கம்பக்கத்தில் நாலு நாள் பேசுவார்கள், பிறகு மறப்பார்கள். இப்போது மறதிக்கு இடமில்லை. 2012இல் ஐந்து வயதில் அம்மாவின் மடியில் உட்கார்ந்து வந்த பிள்ளை இன்று கல்லூரி வயதில் இருக்கும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலைக்குப் போனால் உடன் வேலை செய்பவர் அந்தத் துண்டைக் கைபேசியில் காட்டலாம். பெண் பார்க்க வருகிறவர்கள் பார்க்கலாம். சேர்ந்து வாழ முடிவெடுத்த தம்பதிக்கும் அந்தப் பழைய சண்டை, விளம்பரத்தோடு, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒளிபரப்பு அட்டவணையில் இடம் மாறியதை வைத்து, நிறுத்திவிட்டோம் என்று எப்படிச் சொல்வது? அவர்களுக்கு அது நிற்கவே இல்லை.

இதற்கு எதிராக ஒரு வாதம் வரும். பழைய பதிவு ஆவணம், அதை அழிப்பது வரலாற்றை அழிப்பது என்பார்கள். ஆவணம் என்றால் ஆய்வாளர் கேட்டால் எடுத்துத் தரும்படி நிறுவனத்தின் காப்பகத்தில் இருக்கட்டும். தேடினால் முதலில் வந்து நிற்கும்படி பொதுவில் கிடக்க வேண்டிய காரணம் இல்லை. ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள், அதற்கு மேல் என்ன என்பது இன்னொரு வாதம். 2023இல் வந்த எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே, ஒருமுறை தந்த ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமையைப் பேசுகிறது. சட்டம் அந்தப் பழைய பதிவுகளுக்குப் பொருந்துமா என்று வழக்கறிஞர்கள் வாதாடலாம். ஒரு மனிதர் துயரத்தின் உச்சத்தில் கொடுத்த கையெழுத்து ஆயுளுக்கும் அவரைக் கட்டும் என்று கொள்வதில் கருணையும் இல்லை, நியாயமும் இல்லை.

இனி அந்த நேரத்தைப் பற்றி. அங்கே ஒரு நெடுந்தொடரைப் போட்டால் உண்மையான மனிதர் யாரும் அவமானப்படமாட்டார் என்பது உண்மை. அந்த அளவுக்கு அது நல்ல மாற்றுத்தான். ஆனால் திருமுல்லைவாயல் பெண்ணின் தேவை அப்படியே நிற்கிறது. மேடை மட்டும் போய்விட்டது. அதே வடிவம் வேறு சேனலுக்குப் போனதும் இதனால்தான்: லட்சுமி ராமகிருஷ்ணன் பின்னர் கலைஞர் தொலைக்காட்சியில் 'நேர்கொண்ட பார்வை' நடத்தினார். தேவை இருக்கும்வரை அதை விற்க ஒருவர் வந்துகொண்டேதான் இருப்பார். அவளுக்குத் தெரியாத செய்திகள் எத்தனையோ இருக்கின்றன. இலவச சட்ட உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லை. இதை 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. தாலுகா அளவிலேயே அதற்குக் குழுக்கள் உண்டு. 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம், 181இல் பெண்களுக்கான உதவி, 1098இல் குழந்தைகளுக்கானது. லோக் அதாலத்தில் தீர்ந்த வழக்குக்கு மேல்முறையீடு கிடையாது, அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், குடியிருக்கும் வீட்டிலிருந்து தன்னை வெளியேற்றக் கூடாது என்று ஆணை கேட்கலாம். ஏழு ஆண்டுகள் கண்ணீரைக் காட்டிய அதே நேரத்தில், வாரத்துக்கு ஒரு நாளாவது, முகமும் பெயரும் மறைத்து இவற்றை விளக்கும் நிகழ்ச்சி ஒன்றை நடத்தினால் பார்ப்பவர்கள் குறையலாம். குறையட்டும். அந்த நேரத்தில் ஈட்டியது கொஞ்சமல்ல.

புகார் வந்தால் பார்ப்போம் என்று நிறுவனங்கள் காத்திருக்கத் தேவையில்லை. கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 2021இல் வந்த திருத்தப்படி, புகாரைப் பெற்ற சேனல் 15 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பூந்தமல்லியில் வீட்டுவேலைக்குப் போகும் ஒருவர் அந்த விதியைப் படித்து மனு எழுதுவார் என்று எதிர்பார்ப்பது முறையல்ல. பங்கேற்றவர்களிடம் கையெழுத்து வாங்கியது நிறுவனம். யார் யார் வந்தார்கள், எந்த ஊர், எந்த எண் என்பது நிறுவனத்திடம்தான் இருக்கும். ஒவ்வொருவராக அழைத்து, பதிவு இருக்கட்டுமா எடுத்துவிடலாமா என்று கேட்கலாம். சிறுவயதில் வந்த பிள்ளைகள் இருக்கும் பதிவுகளைக் கேட்காமலே எடுத்துவிடலாம். ஏழு ஆண்டு நிகழ்ச்சிக்கு ஆட்களைத் தேடிப் பிடித்த அலுவலகத்துக்கு இது முடியாத வேலை அல்ல.