அவகாசம் யாருக்குச் சொந்தம்?

எங்கும் போய்ச் சேர வேண்டிய அவசியம் இல்லாமல், காண்பதற்காகவும் செல்வதற்காகவுமே மேற்கொள்ளப்படும் பயணங்கள் உண்டு. பிரான்சு நாட்டில் லுவார் நதியை ஒட்டி ஏறக்குறைய 900 கிலோமீட்டர் தூரத்திற்கு மிதிவண்டிப் பாதை அமைத்திருக்கிறார்கள். பழைய நகரங்களையும் கோட்டைகளையும் திராட்சைத் தோட்டங்களையும் பார்த்தபடி மக்கள் அதில் நாள்கணக்கில் நிதானமாகச் செல்கிறார்கள். நம் நாட்டிலும் இந்த ஆர்வம் வளர்ந்து வருகிறது. மைசூரில் 2017-ஆம் ஆண்டு பொதுமக்களுக்கான வாடகை மிதிவண்டித் திட்டம் ஒன்று ‘டிரின் டிரின்’ என்ற பெயரில் தொடங்கப்பட்டது. பணி ஓய்வுக்குப் பின் மைசூரில் வசிக்கும் நானும் ஞாயிறுதோறும் விடியற்காலையில் மிதிவண்டியில் கிளம்பி விடுகிறேன்.

ஒருமுறை பெங்களூரிலிருந்து என் சகோதரியின் மகன் வந்திருந்தான். 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட புதிய விரைவுச் சாலையில் ஒன்றரை மணி நேரத்தில் வந்து சேர்ந்துவிட்டதாகப் பெருமையுடன் சொன்னான். முன்பு மூன்று மணி நேரம் ஆகும் பயணம் அது. நான் மிதிவண்டியைத் துடைத்துக் கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, “மாமா, காரில் இருபது நிமிடத்தில் போகும் ஸ்ரீரங்கப்பட்டணத்திற்கு நீங்கள் ஒன்றரை மணி நேரம் மிதித்துப் போகிறீர்கள். இது உடற்பயிற்சி என்றால் சரி. இல்லையென்றால் இது நேரத்தை வீணாக்குவது அல்லவா? செய்ய வேண்டிய நற்பணிகள் உலகில் எத்தனையோ இருக்கும்போது, இப்படிச் சுற்றுவது சரியா?” என்று கேட்டான்.

இளைஞர்கள் கேட்கும் கேள்விகளை எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. அவன் கேட்டது அறம் பற்றிய கேள்வி. அன்று நான் சொன்ன பதில் ஒன்று. பிறகு அந்தப் பாதையே எனக்குக் கற்பித்த பதில் வேறொன்று.

நிதானம் சோம்பலா?

முதலில் அவனுக்கு நான் சொன்னது இது: சோம்பலும் அமைதியும் வெளிப்பார்வைக்கு ஒன்று போலவே தோன்றும். தூங்குபவனும் கண்மூடியிருக்கிறான், தியானம் செய்பவனும் கண்மூடியிருக்கிறான். தமஸ், ரஜஸ், சத்துவம் என்று மூன்று குணங்களைப் பகவத்கீதையின் பதினான்காம் அத்தியாயம் விளக்குகிறது. தமஸ் நம்மை அசைய விடாது; ரஜஸ் நம்மை நிற்க விடாது. சத்துவத்தில் இருப்பவன் அசையவும் நிற்கவும் வல்லவன். ஒருவரது நிதானம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அவர் எழுந்தபின் பார்த்தால் தெரியும். தூங்கி எழுந்தவனிடம் சோர்வு மிஞ்சும். தியானம் செய்து எழுந்தவனிடம் தெளிவு மிஞ்சும்.

கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் (17-ஆவது சுலோகம்) யோகம் யாருக்குத் துன்பத்தைப் போக்கும் என்று சொல்லும்போது, உணவிலும் ‘விஹார’த்திலும் அளவோடு இருப்பவனுக்கு என்று பகவான் கூறுகிறார். விஹாரம் என்றால் உலாவுதல், பொழுதுபோக்கு. அதை அவர் விலக்கவில்லை. அளவோடு கொள்ளச் சொல்கிறார். அந்த அளவை மிதிவண்டி இயல்பாகவே நமக்குக் கற்றுத் தருகிறது. மிதிக்காமல் இருந்தால் வண்டி நகராது; ஆகவே அதில் சோம்பலுக்கு இடமில்லை. நம் கால்களின் வலிமைக்கு மேல் விரையவும் முடியாது; ஆகவே அகங்காரத்திற்கும் அதிக இடமில்லை.

இவ்வாறு செல்பவருக்கு மைசூரைச் சுற்றியுள்ள பூமி வாரி வழங்குகிறது. நகரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் காவிரி இரண்டாகப் பிரிந்து ஒரு தீவை அணைத்துக் கொள்கிறது. அங்கே அரங்கநாதர் பள்ளி கொண்டிருக்கிறார். இவரை ஆதிரங்கர் என்றும், கீழே சிவனசமுத்திரத்தில் இருப்பவரை மத்தியரங்கர் என்றும், நம் திருவரங்கத்துப் பெருமாளை அந்தியரங்கர் என்றும் வழங்குகிறார்கள். ஓடிக்கொண்டே இருக்கும் நதியின் நடுவே இறைவன் ஓய்ந்திருக்கும் கோலத்தை வணங்கி வந்த சமுதாயம் நம்முடையது. ஓட்டமும் ஓய்வும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை உணர்த்த இதைவிடத் தெளிவான காட்சி தேவையில்லை.

அதே தீவில்தான் 1799 மே 4-ஆம் நாள் திப்பு சுல்தான் போரில் வீழ்ந்தார். 1804-இல் திவான் பூர்ணையாவின் காலத்தில் கட்டி முடிக்கப்பட்ட கற்றூண் பாலம் இன்னும் நிற்கிறது. அருகில் உள்ள ரங்கனதிட்டு, பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் முயற்சியால் 1940-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வடக்கே சென்றால் பாண்டவபுரம். ஹைதர், திப்பு ஆகியோரிடம் பணிபுரிந்த பிரெஞ்சு வீரர்கள் முகாமிட்டிருந்ததால், அந்த ஊரை ஆங்கிலேயர் ‘பிரெஞ்சு ராக்ஸ்’ என்று அழைத்தார்கள். அதற்கும் அப்பால் தொண்டனூர் ஏரியும் நம்பி நாராயணர் கோயிலும் உள்ளன. சோழநாட்டிலிருந்து வந்த ஸ்ரீராமானுஜர் தங்கிய ஊர் அது.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது மருமகன் சமாதானம் அடைந்தவன் போல் தோன்றினான். நானும் வென்றுவிட்டதாகவே எண்ணினேன்.

ஒரு சொல் உணர்த்தியது

சில வாரங்களுக்குப் பிறகு பாண்டவபுரத்துப் பக்கம் கால்வாய்க் கரையில் சென்று கொண்டிருந்தேன். ஒருபுறம் கரும்பு, மறுபுறம் நெல். குறுகலான மண்பாதை. எனக்கு முன்னால் முதியவர் ஒருவர் பழைய சைக்கிளின் பின்னால் பெரிய பசும்புல் கட்டை ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போய்க் கொண்டிருந்தார். கட்டு பாதையை அடைத்துக் கொண்டிருந்தது. நான் இரண்டு மூன்று முறை மணியடித்தேன். அவர் சிரமப்பட்டு ஓரம் ஒதுங்கினார். நான் கடந்து சென்றேன். சிறிது தூரத்திலேயே என் பின்சக்கரம் பஞ்சராகி விட்டது.

பின்னால் வந்தவர் நின்றார். புல் கட்டோடு நிற்பது எளிதல்ல, இருந்தும் நின்றார். பஞ்சர் ஒட்டும் கடை இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருப்பதாகச் சொன்னார். வழி மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் தம் சைக்கிளிலிருந்து இறங்கி, அதைத் தள்ளிக்கொண்டு என்னுடனேயே நடந்தார். “யஜமான்ரே, நீங்கள் போங்கள், உங்களுக்கு நேரமாகும்” என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன். “வழியில் ஒரு பிரிவு இருக்கிறது, தவறிப் போய்விடுவீர்கள் சுவாமி” என்றார்.

நடந்துகொண்டே, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். “சும்மா, தொண்டனூர் வரை, பார்த்து வரலாம் என்று” என்றேன். கன்னடத்திலும் அதற்கு ஏறக்குறைய அதே சொல்தான். அவர் சிரித்தார். அதில் ஏளனம் இல்லை. “சும்மா போவதற்கும் கொடுத்து வைத்திருக்க வேண்டும் சுவாமி” என்றார். இரண்டு மாடுகள், அவற்றுக்குப் புல் போட்டுவிட்டு அவர் கூலி வேலைக்குப் போக வேண்டும். அவ்வளவு அருகில் இருந்தும் நம்பி நாராயணரைத் தரிசித்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன என்றார்.

அந்தச் சொல் என்னைத் தைத்தது. இருவரும் ஒரே பாதையில், ஒரே வகை வண்டியில், ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் சென்றோம். எனக்கு அது விஹாரம். அவருக்கு அது ஜீவனம். நான் விரும்பி ஏற்ற நிதானம், அவர்மீது வறுமை சுமத்திய நிதானம். மருமகனுக்கு நான் சொன்ன விளக்கத்தில் இந்த மனிதருக்கு இடமே இல்லாமல் போயிருந்தது.

கொடுக்கப்படும் அவகாசம்

வடமொழியில் ‘அவகாசம்’ என்ற சொல்லுக்கு ‘இடம்’, ‘இடைவெளி’ என்பது பொருள். நாம் அதைக் காலத்திற்குப் பயன்படுத்துகிறோம். மூலப்பொருளை நினைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். அவகாசம் என்பது கடிகாரம் காட்டும் ஓய்வு நேரம் மட்டுமல்ல. இன்னொருவர் நுழைவதற்கு நம்மிடம் இருக்கும் இடமும்கூட. அன்று காலை, நாள் முழுவதும் ஓய்வாக இருந்த நான் மணியடித்து அவரை ஒதுங்கச் செய்தேன். ஒரு நொடியும் ஓய்வில்லாத அவர் எனக்காக அரை மணி நேரம் நடந்தார். அப்படியானால், அவகாசம் உண்மையில் யாரிடம் இருந்தது?

இதே மைசூருக்கு 1892-ஆம் ஆண்டின் இறுதியில் சுவாமி விவேகானந்தர் வந்தார். மன்னர் சாமராஜேந்திர உடையாரின் அன்புக்கு உரியவராக அரண்மனையில் தங்கினார். புறப்படும்போது மன்னரும் திவான் சேஷாத்ரி ஐயரும் எவ்வளவோ கொடுக்க முன்வந்தார்கள். சுவாமிஜி ஒரு ரயில் சீட்டைத் தவிரப் பெரிதாக எதையும் ஏற்கவில்லை என்று அவரது வரலாறு கூறுகிறது. அவரும் ஊர் ஊராகச் சுற்றியவர்தான். ஆனால் கண்ணால் கண்ட நாட்டை அவர் இதயத்தில் சுமந்தார். 1894 ஜூனில் சிகாகோவிலிருந்து அதே மன்னருக்கு எழுதிய கடிதத்தில், கல்விக்கூடம் வர இயலாத ஏழைச் சிறுவனிடம் கல்வி தேடிச் செல்ல வேண்டும் என்பதைத்தான் வற்புறுத்தினார். அவருடைய பயணத்தின் பயன், எத்தனை ஊர்களைக் கண்டார் என்பதில் அல்ல, யாரை மறக்க முடியாமல் போனார் என்பதில் இருக்கிறது.

ஸ்ரீராமானுஜர் இப்பகுதிக்கு வந்தபோது, காட்டில் பசித்திருந்த அவருக்கும் சீடர்களுக்கும் வேடர்கள் தேனும் தினையும் அளித்ததாகக் குருபரம்பரை கூறுகிறது. நிதானமாகச் செல்பவர் பிறரது கருணைக்குக் கடன்படுகிறார். விரைந்து செல்பவருக்கு அந்தக் கடன் நேர்வதில்லை. அதனால் அந்த உறவும் கிடைப்பதில்லை.

எனவே மருமகனின் கேள்விக்கு இப்போது நான் சொல்லும் பதில் வேறு. நிதானமான பயணம் குற்றமல்ல. அதுவே புண்ணியமும் அல்ல. பலருக்குக் கிட்டாத ஒரு பேறு நமக்குக் கிடைத்திருக்கிறது. கிடைத்ததை நமக்காகவே செலவிட்டால் அது வெறும் நுகர்வு. காரில் விரைபவனின் நுகர்வுக்கும் அதற்கும் வேறுபாடு குறைவே. கிடைத்த அவகாசத்தில் பிறருக்கு இடம் விட்டால் அது சாதனை.

இப்போது என் வண்டியில் காற்றடிக்கும் பம்பும் பஞ்சர் ஒட்டும் பொருள்களும் இருக்கின்றன. வழியில் யாராவது வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் நிற்கிறேன். மிகச் சிறிய செயல்தான். அந்த முதியவரின் அரை மணிக்கு அது ஈடாகாது. புல் கட்டு ஏற்றிய சைக்கிள் முன்னால் போனால் மணியடிப்பதில்லை. பாதை அகலமாகும் வரை பின்னாலேயே போகிறேன்.

அவருக்கும் ஒரு நாள் சும்மா தொண்டனூர் போய்வரும் அவகாசம் கிடைக்க வேண்டும். அதற்கு நாம் ஒவ்வொருவரும் எதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை, நமது அடுத்த ஓய்வு நாளில் சற்று நிதானமாகச் சிந்திப்போமாக.