செய்கூலி

சென்ற தை மாதம் என் தங்கை மகளுக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்துவது நம் வழக்கம். மடியைக் கொடுக்கும் மாமன் மடிசீலையையும் சற்றுத் தாராளமாக அவிழ்க்க வேண்டும் என்பதும் வழக்கந்தான். நகைக் கடைக்குப் போய் ஒரு ஜோடித் தோடு வாங்கினேன். தங்கத்தின் விலையைச் சொன்னார்கள். அதற்குமேல் சேதாரம் என்றார்கள். அதற்குமேல் செய்கூலி என்றார்கள். எல்லாவற்றுக்கும் மேல் வரி என்றார்கள். சேதாரம் எத்தனை சதவீதம் என்று ஒரு வார்த்தை கேட்டேனே தவிர, செய்கூலி எதற்கு என்று கேட்கவில்லை. அந்தத் தோட்டைச் செய்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆயினும் யாரோ ஒருவருடைய கை வருந்தியிருக்கிறது, அதற்குக் கூலி உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே எழவில்லை.

அன்று மாலையே மற்றோர் இடத்துக்கும் போனேன். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அம்மாள் துணி பொம்மைகள் செய்து விற்கிறார். முன் அறையில் ஒரு தையல் இயந்திரம்; சுவரோரம் பலகைத் தட்டில் கரடி, முயல், யானை, ஒட்டகச்சிவிங்கி. குழந்தைக்கு ஒரு பொம்மையும் கொண்டு போகலாம் என்று எனக்கு ஆசை. சாம்பல் நிற ஃபெல்ட் துணியில் செய்த யானை ஒன்றைக் கையில் எடுத்தேன். அறுநூறு ரூபாய் என்றார்.

"நானூற்றைம்பது வைத்துக்கொள்ளுங்கள் அம்மா" என்றேன்.

"தரலாம் சார். ஆனால் கண்ணை ஒட்டித்தான் தர முடியும். நூலில் தைக்க முடியாது."

"அதனால் என்ன?"

"ஒட்டின கண்ணைக் குழந்தை பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும், சார்."

இந்தப் பதிலோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மூடவில்லை. "வீட்டிலே ஓய்வாக இருக்கிற நேரத்தில் ஆசைக்குச் செய்கிறதுதானே, அம்மா?" என்றேன். அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "சரி, ஐந்நூறு கொடுங்கள். கண்ணைத் தைத்தே தருகிறேன்" என்றார். நூறு ரூபாய் மிச்சம் பிடித்த வெற்றியோடு வீடு திரும்பினேன்.

வெற்றி இரண்டு நாள்தான் நின்றது. மூன்றாம் நாள், ஒரு விழா மலருக்குக் கதை வேண்டும் என்று ஒருவர் வந்தார். சன்மானத்தைப் பற்றி மெல்ல விசாரித்தேன். அவர் மனம் நொந்தவர்போல், "என்ன சார் இது! எழுத்து உங்களுக்கு மூச்சு. பணத்துக்காகவா எழுதுகிறீர்கள்?" என்றார். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. மலருக்கு அச்சுக்கூலி உண்டு. காகிதத்துக்கு விலை உண்டு. கொண்டுபோய்ச் சேர்ப்பவருக்குக் கூலி உண்டு. எழுதினவனுக்கு மட்டும் மூச்சு! அவரை அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான், அவர் பேசிய வார்த்தைகள் என் வார்த்தைகளே என்பது நினைவுக்கு வந்தது. "ஆசைக்குச் செய்கிறதுதானே அம்மா" என்று கேட்ட வாய், "ஆசைக்கு எழுதுகிறதுதானே" என்று கேட்டபோது ஏன் கசந்துபோக வேண்டும்?

அன்று முதல் என்னை அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி இதுதான்: அன்போடு செய்யப்பட்ட பொருளுக்கு விலை உண்டா? உண்டு என்றால், அந்த அன்பு விலையைக் கூட்டுமா, குறைக்குமா?

பொம்மை செய்வது ஓய்வுநேர விளையாட்டு என்று நினைப்பவர்கள் ஒரு முறை அருகில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் பார்த்தேன். அசல் ஃபெல்ட் நெய்த துணி அல்ல. கம்பளி மயிருக்கு ஈரமும் சூடும் அழுத்தமும் கொடுத்து, இழை இழையாகப் பிணையச் செய்தது. வெட்டினால் ஓரம் பிரியாது. ஆகையால் மடித்துத் தைக்க வேண்டியதில்லை. ஆனால் தையல் வெளியே தெரியும். ஒரு தையல் கோணினாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஃபர் துணியின் குணம் வேறு. அதைப் பின்பக்கம் திருப்பி, கத்தரிக்கோலின் நுனியால் அடித்துணியை மட்டும் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் மயிர் அறுந்து கரடிக்குச் சொறி பிடித்ததுபோல் ஆகிவிடும். மயிர் சாயும் திசை எல்லாத் துண்டுகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். தைத்து முடித்துத் திருப்பிய பிறகு, தையலில் சிக்கிய மயிரை ஊசி முனையால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவிட வேண்டும். பஞ்சை மொத்தமாகத் திணித்தால் கட்டி கட்டியாக நிற்கும். துதிக்கையின் நுனியிலிருந்து சிறுகச் சிறுக அடைத்து வரவேண்டும். நான்கு காலும் ஓர் அளவில் அமையாவிட்டால் யானை நொண்டும். கடைசியில் கண். அரை நூல் தள்ளித் தைத்தாலும் சாதுவான யானை திருட்டு விழி விழிக்கும். இத்தனைக்கும் ஐந்து மணி நேரத்துக்குக் குறையவில்லை. துணிக்கும் பஞ்சுக்கும் நூலுக்கும் போக மீந்ததை அந்த ஐந்தால் வகுத்துப் பார்த்தேன். வந்த கணக்கை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

யானை என்றதும் ஜெர்மனியின் கீங்கன் ஊரில் 1847-ல் பிறந்த மார்கரெட் ஸ்டைஃப் என்ற பெண்மணியின் வரலாறு நினைவுக்கு வருகிறது. ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் கண்டு அவருக்குக் கால்கள் விளங்காமல் போயின. வலக்கையிலும் பலம் குறைந்தது. அப்படியும் தையல் கற்றார். ஃபெல்ட் துணியில் உடைகள் தைத்து விற்கும் சிறு கடை வைத்தார். 1880-ல் குண்டூசி செருகி வைப்பதற்காக ஃபெல்ட் துணியில் ஒரு சின்ன யானை செய்தார். பெரியவர்களுக்கு ஊசி குத்தும் மெத்தையாகச் செய்ததைக் குழந்தைகள் தங்கள் யானையாகப் பிடுங்கிக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான யானைகள் விற்றன. 1902-ல் அவருடைய தம்பி பிள்ளைகளில் ஒருவரான ரிச்சர்டு, அங்கோரா ஆட்டு மயிரால் ஆன பிளஷ் துணியில், கை கால் அசையும் கரடி ஒன்றை வடிவமைத்தார். 1907-ல் அந்தத் தொழிற்சாலையிலிருந்து ஏறக்குறைய 9 லட்சத்து 74 ஆயிரம் கரடிகள் வெளிவந்தன. தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள் சுமார் 400 பேர். வீட்டிலிருந்தபடியே தைத்துக் கொடுத்தவர்கள் சுமார் 1800 பேர். போலிகளிலிருந்து தன் பொம்மையை வேறுபடுத்திக் காட்ட, 1904-லிருந்து ஒவ்வொன்றின் காதிலும் ஓர் உலோகப் பொத்தானைப் பொருத்தினார்கள். அங்கும் காது குத்துத்தான்! நம் வீட்டில் குழந்தையின் காதில் குலத்தின் முத்திரை விழுகிறது; அங்கே பொம்மையின் காதில் கம்பெனியின் முத்திரை விழுந்தது. அந்த 1800 பேரில் எவருடைய பெயரும் எந்தக் காதிலும் இல்லை.

அமெரிக்கக் கதை இதைவிட வேடிக்கையானது. 1902 நவம்பரில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் மிஸிஸிப்பியில் வேட்டைக்குப் போனபோது, பிறர் பிடித்து மரத்தில் கட்டி வைத்திருந்த கரடியைச் சுட மறுத்தார். கிளிஃபோர்டு பெரிமன் என்பவர் அதைப் பத்திரிகையில் கேலிச் சித்திரமாகப் போட்டார். அதைப் பார்த்த, புரூக்ளினில் மிட்டாய்க் கடை வைத்திருந்த மாரிஸ் மிக்டம், துணிக்கரடி ஒன்றைத் தம் கடையில் வைத்தார். ரூஸ்வெல்ட்டின் செல்லப் பெயரால் அது 'டெடி' ஆயிற்று. சுடாமல் விட்டவர் பெயர் உலகத்துக்குத் தெரியும். படம் போட்டவர் பெயர் தெரியும். கடைக்காரர் பெயரும் தெரியும். இரவில் உட்கார்ந்து அந்தக் கரடியைத் தைத்தது அவர் மனைவி ரோஸ். இதைப் படிக்கும் வரையில் அந்தப் பெயரை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

ஏன் இப்படி? தட்டார் செய்யும் வேலை தொழில். தச்சர் செய்வது தொழில். வீட்டுப் பெண் செய்வது மட்டும் அன்பு. சமையல் அன்பு, பிள்ளை வளர்ப்பு அன்பு, தையல் அன்பு. அன்பு என்று பெயர் சூட்டிவிட்டால் கூலி கொடுக்க வேண்டியதில்லை. கோயில் கட்டிக் கும்பிட்டுவிட்டுப் படியளக்க மறந்துபோகிற சாமர்த்தியம் இது. நாம் அன்பை மதிப்பதாகச் சொல்லிக்கொண்டு, அதைக் காரணங்காட்டி உழைப்பை மலிவாக வாங்குகிறோம்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. பணம் உள்ளே நுழைந்தால் அன்பு வெளியேறிவிடும் என்பார்கள். இருக்கலாம், ஆனால் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. கேட்டே க்ரூஸே என்ற ஜெர்மானியப் பெண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். 1905-ல் அவருடைய சிறு மகள் பொம்மை கேட்டாள். சிற்பியான கணவர், கடைப் பொம்மைகள் அழகற்றவை, நீயே செய்து கொடு என்று சொல்லிவிட்டார். அவர் ஒரு துண்டில் மணலைக் கட்டி, மூலைகளை முடிந்து கை கால் ஆக்கி, ஓர் உருளைக்கிழங்கைத் தலையாக வைத்தார். குழந்தை அதைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். அந்தப் பொம்மைக்கு விலை கிடையாது. விலை கேட்பதே பாவம். ஆனால் 1910-ல் பெர்லினில் நடந்த கண்காட்சியில் அவருடைய துணி பொம்மைகளைப் பார்த்த ஊரார், எங்கள் குழந்தைகளுக்கும் வேண்டும் என்று கேட்டபோது விலை வந்தது, வரத்தான் வேண்டும். விலை வந்ததால் அவர் கை சோரவில்லை. 1912-ல் பாட் கோஸனில் பட்டறை வைத்தார். பொம்மையின் முகங்களைக் கையாலேயே தீட்டச் செய்தார். அவருடைய பொம்மையைப் பார்த்து நகல் செய்த ஒரு பெரிய கம்பெனிமீது வழக்குத் தொடுத்து, 1925-ல் வென்றார். பொம்மையும் ஒரு கலைப் படைப்பு என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. தன் மகளுக்குச் செய்தபோது இருந்த பரிவு, ஊரார் மகளுக்குச் செய்தபோது குறைந்திருந்தால், யார் அதை நகல் செய்யப் போகிறார்கள்?

இரண்டாவது மறுப்பு இன்னும் கடினமானது. கைவேலைக்கு முழுக் கூலி கொடுத்தால் பொம்மை விலை ஏறும். ஏழைக் குழந்தைக்கு எட்டாது. யந்திரத்தில் மலிவாகச் செய்து குவிப்பதே தர்மம் அல்லவா? இதை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். க்ரூஸேயின் பொம்மைகளும் ஏழைகள் வாங்கும் பொம்மைகள் அல்ல. நூறு ரூபாய்க் கரடியைக் கட்டிக்கொண்டு தூங்கும் குழந்தையின் சந்தோஷம் நூறு ரூபாய்ச் சந்தோஷம் அல்ல. அது முழுச் சந்தோஷம். அந்தக் கரடி வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அன்று அந்தத் தட்டின் முன்னால் நின்று பேரம் பேசியது ஓர் ஏழைக் குழந்தையின் தகப்பன் அல்ல. காலையில் செய்கூலியும் சேதாரமும் கொடுத்துவிட்டு வந்த தாய்மாமன். ஏழைக் குழந்தையின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஏழைத் தையற்காரியிடம் பேரம் பேசுவது, ஒருவர் பசியைக் காட்டி மற்றொருவர் இலையை எடுப்பதுதான். ஏழைக் குழந்தைக்குப் பொம்மை கிடைக்க வேண்டும் என்றால், அதை நான் வாங்கிக் கொடுக்கலாம். தைத்தவர் மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்?

ஆகவே இரண்டு அளவைகள் இருக்கின்றன. ஒருவர் தம் அன்புக்குரியவருக்குத் தாமே மனமுவந்து கொடுப்பதற்கு விலை இல்லை. முன்பின் தெரியாதவர் கேட்டு வாங்குவதற்கு விலை உண்டு. முழு விலை உண்டு. அந்த இரண்டாவதில் அன்பும் கலந்து வந்தால், அது வாங்குபவனுடைய அதிர்ஷ்டம்; கழித்துக்கொள்ள வேண்டிய தள்ளுபடி அல்ல. இதில் விற்பவருக்கும் ஒரு கடமை உண்டு. ஒட்டின கண்ணை வைத்துவிட்டு 'அன்போடு செய்தது' என்று சொல்லி விற்பதும் மோசடிதான். என்னிடம் விற்றவர் அதைச் செய்யவில்லை. விலையை விட்டுக் கொடுத்தார். முன்பின் பார்த்திராத ஒரு குழந்தையின் தொண்டையை விட்டுக் கொடுக்கவில்லை. நஷ்டத்தில் தைத்த அந்த இரண்டு கண்களும் இப்போது என்னைப் பார்க்கின்றன.

சென்ற வாரம் அந்த நூறு ரூபாயை எடுத்துக்கொண்டு மறுபடியும் அவர் வீட்டுக்குப் போனேன். சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னேன். அவர் பணத்தைத் தொடவில்லை.

"அன்றைக்குப் பேசி முடித்த விலை, சார். இப்போது வாங்கினால் தர்மத்துக்கு வாங்கினதாகிவிடும்" என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எழுந்திருக்கும்போது, "குழந்தை யானையை வைத்து விளையாடுகிறதா?" என்று கேட்டார். துதிக்கையைச் சப்பிச் சப்பி ஈரமாக்கிவிட்டதாகத் தங்கை சொன்னாள் என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

"சாயம் போகாது, சார். துணியை நனைத்துப் பார்த்துவிட்டுத்தான் தைத்தேன்" என்றார்.

தட்டிலிருந்து ஒரு முயலை எடுத்தேன். விலையைச் சொன்னார். அதைக் கொடுத்துவிட்டு வந்தேன்.