பிள்ளைகளிடம் போதையைப் பற்றிப் பேசும்போது

அஸ்தினாபுரம் போன்ற சென்னைப் புறநகர்களின் காலி மனைகளில் ஊமத்தை யாரும் விதைக்காமலே முளைக்கும். சிவனுக்கு உகந்த பூ என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதன் விதையில் அட்ரோபின், ஸ்கோபலமைன் என்ற நஞ்சுகள் இருக்கின்றன. அவை உடலுக்குள் போனால் இல்லாத உருவங்கள் தெரியும், பேச்சு பிதற்றலாகும், உடல் கொதிக்கும், உயிரும் போகலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் இதைச் சொல்லலாமா? கொடைக்கானல் போதைக் காளானையும், எல்.எஸ்.டி. தோய்த்த காகிதத் துண்டான ஸ்டாம்பையும் பற்றிப் பேசலாமா? சொல்லிக்கொடுத்து ஆசையைக் கிளப்பிவிடுவோமோ என்ற பெற்றோரின் தயக்கத்தைப் பத்தாம்பசலித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது.

அந்தத் தயக்கத்துக்கு நியாயம் உண்டு. 2018இல் எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் மாயத்தோற்றம் தரும் போதைப்பொருட்களைப் பயன்படுத்துவோர் 0.12 சதவீதம் மட்டுமே. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒயிட்னர், பஞ்சர் பசை போன்றவற்றை முகரும் பழக்கம் பெரியவர்களைவிட 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம்தான் அதிகம்: 1.17 சதவீதம். இவை பெட்டிக்கடையிலும் ஸ்டேஷனரி கடையிலும் கிடைப்பவை. வீட்டிலும் வகுப்பிலும் பேசாமல் இருந்தது இந்தப் பிள்ளைகளைக் காக்கவில்லை. பெரியவர்கள் சொல்லாததைக் கைப்பேசியும் சீனியர் மாணவனும் சொல்லிவிடுகிறார்கள், அதுவும் பாதியை மட்டும்.

பேசுவதென்று முடிவெடுத்ததும் அடுத்த சிக்கல் வருகிறது. எதையும் ஒருமுறை தொட்டால் ஆயுளுக்கும் அடிமை என்று பயமுறுத்துவது எளிது. ஆனால் ஹெராயினைப் போல எல்.எஸ்.டி. உடலை அடிமைப்படுத்துவதில்லை. இது தெரிந்தும் மிகைப்படுத்துவது பொய். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்க்கும் வள்ளுவர் இடம் கொடுக்கிறார். இந்தப் பொய் அந்தச் சோதனையில் தேறாது. ஸ்டாம்பை எடுத்த நண்பன் மறுநாள் வழக்கம்போல டியூஷனுக்கு வந்து நிற்பதைப் பார்க்கும் பிள்ளை, ஹெராயினைப் பற்றிச் சொன்னதும் கட்டுக்கதைதான் என்று முடிவுகட்டிவிடும். 1983இல் லாஸ் ஏஞ்சலஸில் காவல்துறை தொடங்கிய டேர் என்ற போதை எதிர்ப்புப் பாடத்திட்டம் அமெரிக்கப் பள்ளிகளெங்கும் பரவியது. அதில் படித்தவர்களும் படிக்காதவர்களும் போதைப் பழக்கத்தில் பெரிதாக வேறுபடவில்லை என்று 1990களின் ஆய்வுகள் காட்டின. 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் எடுக்கப்பட்ட போதை எதிர்ப்பு உறுதிமொழி நல்ல தொடக்கம். அதற்குப் பின் வகுப்பறையில் என்ன பேசுகிறோம் என்பதில்தான் அதன் பயன் இருக்கிறது.

மிகை தேவைப்படாத அளவுக்கு உண்மையே கனமானது. ஸ்டாம்பில் எல்.எஸ்.டி.தான் இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. உயிரைப் பறிக்கும் வேறு செயற்கை ரசாயனங்கள் அதே வடிவில் விற்கப்பட்டிருக்கின்றன. காட்டில் பறிக்கும் காளானை இனம் பிரிக்கத் தவறினால் கல்லீரல் செயலிழக்கலாம். மாயத்தோற்றத்தின் பீதியில் மாடியிலிருந்து விழுந்தவர்களும் சாலையில் ஓடியவர்களும் உண்டு. குடும்பத்தில் மனச்சிதைவு நோய் இருந்தால், இளவயதில் அந்நோய் வெளிப்பட இந்தப் போதை தூண்டுதலாகலாம். காளானிலுள்ள சைலோசைபினை மனச்சோர்வுக்கு மருந்தாக்கும் ஆய்வுகள் நடப்பதையும் மறைக்க வேண்டாம். நோயாளியைத் தேர்ந்தெடுத்து, அளவு வகுத்து, மருத்துவர் அருகிலிருக்க நடக்கும் சிகிச்சை அது. உண்மைக்கும் எல்லை உண்டு: ஆபத்தை விளக்கலாம், அளவும் வழிமுறையும் வகுப்பறைக்கு வேண்டாதவை.

இவ்வளவும் சொன்ன பிறகு பெரியவர்களின் கடமை முடியவில்லை, தொடங்குகிறது. உண்மையைக் கேட்ட பிள்ளை ஒருநாள் தன் உண்மையைச் சொல்ல வரும். அன்று பெல்ட்டும் டி.சி.யும் காத்திருந்தால், பாடம் நடத்தியதே பொறி வைத்ததாகிவிடும். பிள்ளைக்குப் போதைப்பொருள் கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவல் என்று 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் கூறுகிறது. அதன் கோபம் கொடுத்தவர் மீது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, தானாக முன்வந்து சிகிச்சை பெறும் போதை அடிமைக்கு, சொந்தப் பயன்பாடு அல்லது சிறு அளவு தொடர்பான வழக்கிலிருந்து விலக்கே தருகிறது. சட்டமே இவ்வளவு இறங்கி வரும்போது பெற்றோரும் பள்ளியும் விறைத்து நிற்பது அறமாகாது. 14446 என்ற இலவச உதவி எண்ணைக் கரும்பலகையில் எழுதிப்போடும் ஆசிரியர், முதலில் தன்னிடமே வரலாம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வந்த பிள்ளையைக் காட்டிக்கொடுக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போகவும் வேண்டும். அதற்குத் துணிவில்லாதவர் பிள்ளைகளிடம் உண்மையை எதிர்பார்க்க உரிமையற்றவர்.