கேமராவுக்குப் பின்னால் வா!

"அதெல்லாம் நமக்கு எங்கே நடக்கப்போகுது!"

இந்த ஒரு வரியை முதலில் உன் வாயிலிருந்து எடுத்து வெளியே போடு!

யார் சொன்னது நடக்காதென்று? எந்தக் கதவைத் தட்டினாய்? எவரிடம் போய் வேலை கேட்டாய்? எவர் இல்லையென்று விரட்டினார்?

ஒருவரும் விரட்டவில்லை. நீயே கேட்டாய், நீயே இல்லையென்றாய்.

இரவானால் போடியில் வீட்டுக்கு வீடு பிக் பாஸ். இந்த வாரம் யார் வெளியேறுவார் என்று பந்தயம் கட்டுகிறாய். அந்த அழுகை நிஜமா, நாடகமா என்று தீர்ப்பு எழுதுகிறாய். கடைசியில் பெயர்ப் பட்டியல் ஓடும்போது மட்டும் சேனலை மாற்றிவிடுகிறாய்.

அட, உனக்கான வேலை அந்தப் பட்டியலில்தானே இருக்கிறது!

2017 ஜூன் 25. விஜய் டி.வி.யில் கமல்ஹாசன் அந்த பிக் பாஸ் வீட்டைத் திறந்துவைத்தார். செம்பரம்பாக்கம் பக்கம் ஈ.வி.பி. பிலிம் சிட்டியில் போட்ட செட். உள்ளே முகம் காட்டியவர்களை ஊரே அறியும். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால், இருட்டில், இருமல் வந்தால்கூட அடக்கிக்கொண்டு கேமராவைத் திருப்பியவரை யாருக்குத் தெரியும்? மைக்குக்கு பேட்டரி மாற்றக் கணக்கு வைத்தவரை யாருக்குத் தெரியும்?

தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. போட்டியாளருக்கு ஒரு சீசன். நல்ல கேமராக்காரர் அடுத்த சீசனுக்கும் வேண்டும்!

ஒரு கணக்குப் போடு. ஒரு வீட்டில் பத்து கேமரா மட்டும் ஓடுகிறது என்றே வைத்துக்கொள். ராப்பகலாக ஓடினால் ஒரு நாளைக்கு 240 மணி நேரப் படம். ஒளிபரப்பாவது ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

மீதி 239 மணி நேரத்தை யார் பார்த்தது? யார் கழித்துக் கட்டியது?

அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். லாகர் என்பார்கள். ஷிஃப்ட் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். யார், யாரிடம், எங்கே, என்ன பேசினார் என்று நொடி பிசகாமல் டைம்கோடு போட்டு எழுதிக்கொண்டே இருப்பார். "3.12, சமையலறை, இரண்டு பேர் கிசுகிசுப்பு, மூன்றாமவர் பெயர் வருகிறது." அர்த்த ராத்திரியில் எழுதிய இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் எடிட்டர் போவார். மறுநாள் ஊரையே கலக்கும் புரோமோ அங்கிருந்துதான் பிறக்கும். லாகர் கண்ணயர்ந்தாரா? அந்தக் காட்சி இருந்தும் இல்லாததுதான்!

இந்த வேலை உன் ஊருக்குப் புதிதா?

போய்ப் பார், ஏலக்காய் பொறுக்கும் அம்மாக்களை! குவித்து வைத்த காய்க்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். விரல் ஓடிக்கொண்டே இருக்கும். வாய் பிளந்த காய் ஒரு பக்கம். பூச்சி துளைத்தது ஒரு பக்கம். நிறம் வெளுத்தது ஒரு பக்கம். சல்லடையில் எட்டு மில்லிமீட்டருக்கு மேல் நின்ற பருவெட்டுக் காய் தனி. பேச்சு ஒரு பக்கம் நடக்கும், கண் மட்டும் காயை விட்டு நகராது. சொத்தைக் காய் கலந்தால் ஏலத்தில் அந்த லாட்டுக்கே விலை இறங்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

லாகர் பார்ப்பதும் இதே வேலைதான். காய்க்குப் பதில் காட்சி!

பொறுமை உன் ரத்தத்தில் ஓடுகிறது என்று கவிதை பாட நான் வரவில்லை. பொறுமை ரத்தத்தில் வராது. உட்கார்ந்து பழகினால்தான் வரும். ஆனால் அதைப் பக்கத்தில் இருந்து பார்த்து வளர்ந்தவன் நீ. பார்த்து வளர்ந்தவள் நீ. அந்தப் பள்ளிக்கூடம் எத்தனை பேருக்குக் கிடைத்தது?

"எனக்கு அங்கே யாரையும் தெரியாதே..."

பாரதிராஜா அல்லிநகரம், இளையராஜா பண்ணைப்புரம் என்று மேடைக்கு மேடை சொல்லித் தேய்த்துவிட்டோம். அவர்கள் உயரத்தைக் காட்டி உன்னை மிரட்டப் போவதில்லை. ஒன்றை மட்டும் கேள். பாரதிராஜா கன்னட இயக்குநர் புட்டண்ணா கனகலிடம் உதவியாளராக நின்றவர். இளையராஜா ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக உழைத்தவர். 1976-இல் இளையராஜாவுக்கு 'அன்னக்கிளி'. 1977-இல் பாரதிராஜாவுக்கு '16 வயதினிலே'. அதற்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றி எந்த மேடையில் பேசுகிறார்கள்?

உன் காலத்து ஆளைச் சொல்கிறேன். 2018-இல் வந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை' பார்த்தாயா? லெனின் பாரதி இயக்கிய படம். ஏலக்காய் மூட்டை சுமந்து மலைப்பாதையில் நடக்கும் மனிதர்களின் கதை. நீ தினமும் பார்த்துச் சலித்த மலையை உலகத்துக்குக் காட்டிய ஒளிப்பதிவாளர் பெயர் தேனி ஈஸ்வர். பிறகு 'கர்ணன்'. பிறகு 'வாழை'. பெயரிலேயே ஊரைத் தூக்கிக்கொண்டு போனவர்! உனக்கு மட்டும் ஊர் பாரமா?

சரி, டி.வி.யிலிருந்தே ஒருவர். நெல்சன் திலீப்குமார்.

'ஜெயிலர்' இயக்குநர் என்றுதான் அவரை உனக்குத் தெரியும். அதற்கு முன்னால்? விஜய் டி.வி.யில் ரியாலிட்டி நிகழ்ச்சிகளின் தயாரிப்பில் வேலை பார்த்தவர். பாடியவர்களும் ஆடியவர்களும் கைதட்டல் வாங்கினார்கள். இவர் மேடைக்கு வெளியே வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

2010-இல் சிம்புவை வைத்து 'வேட்டை மன்னன்' தொடங்கினார். நின்றுபோனது. முதல் படமே நின்றுபோனது!

நம் ஊராக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "ராசியில்லாத பையன்." முத்திரை குத்தி மூலையில் உட்கார வைத்திருப்போம்.

அவர் மூலையில் உட்காரவில்லை. மறுபடி டி.வி. வேலைக்கே போனார். 'கோலமாவு கோகிலா' வந்தது 2018-இல். நடுவில் எட்டு ஆண்டு! நீ எட்டு மாதத்தில் "நமக்குக் கொடுத்து வைக்கலை" என்கிறாய்.

அதோடு விட்டார்களா? 2022-இல் 'பீஸ்ட்' வந்தபோது வறுத்தெடுத்தார்கள். மறு ஆண்டே 'ஜெயிலர்'.

நீயும் சினிமா இயக்குநராவாய் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. டி.வி.யைச் சினிமாவுக்கு ஏறும் படிக்கட்டாக மட்டும் நினைப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். படம் நின்ற பிறகும் போய் நிற்பதற்கு அவர் கையில் ஒரு தொழில் இருந்தது. அந்தத் தொழில் உன் கையில் வேண்டும். அதுதான் விஷயம்!

"இங்கிலீஷ் வராதே..."

பங்கேற்பவர் தமிழில் சண்டை போடுகிறார். தமிழில் அழுகிறார். அதைக் கேட்டு எழுத எதற்கு இங்கிலீஷ்? மென்பொருளில் வரும் சொற்கள் கொஞ்சம்தான். ஒரு மாதம் உட்கார்ந்தால் மனப்பாடம்.

அதைவிட, உன்னிடம் இருப்பதை நீ ஏன் எண்ணிப் பார்ப்பதில்லை? போடிமெட்டு தாண்டினால் பூப்பாறை, சாந்தன்பாறை. எஸ்டேட் வேலைக்குப் போய்வந்த வீடுகளில் பலருக்கும் மலையாளம் தெரியும். மலையாள பிக் பாஸின் சில சீசன்களும் சென்னை ஈ.வி.பி.யில்தான் படமாகியிருக்கின்றன! இரண்டு மொழிச் சண்டையும் புரிகிற காது எவ்வளவு பெரிய சொத்து தெரியுமா? அதை வைத்துக்கொண்டு நீ ஏலத்தோட்டத்துக் கங்காணியோடு மட்டும் பேசிக்கொண்டிருக்கிறாய்!

காது மட்டுமா, மலையேறிய உன் உடம்பும் சொத்துதான். 2021-இல் ஜீ தமிழின் 'சர்வைவர்' நிகழ்ச்சியை ஆப்பிரிக்காவின் சான்சிபாரில் போய் எடுத்தார்கள். மழை, சேறு, பூச்சி. அங்கே யார் தாக்குப்பிடிப்பார்? அட்டைக் கடிக்கு உப்பு வைத்துக்கொண்டு மலையேறிப் பழகிய ஆளா, செருப்பில் சேறு பட்டால் முகம் சுளிக்கும் ஆளா?

"பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?"

இதை உன்னிடம் சொல்பவர்களுக்கு ஒரு பெயரைச் சொல் தங்கச்சி. பி.ஆர். விஜயலட்சுமி. 1985-இல் 'சின்ன வீடு' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். பெண்கள் சினிமாக் கேமராவைத் தொடுவதே அதிசயமாக இருந்த காலம். இயக்குநர் பந்துலுவின் மகளாயிற்றே என்பார்கள். இருக்கட்டும்! அப்பா பெயர் வாசல்வரை கூட்டிவரும். ஃபோகஸ் வைத்துத் தருமா? ஆனாலும் எங்கே தங்குவது, ராத்திரி ஷிஃப்ட் முடிந்தால் வண்டி உண்டா என்று வேலைக்கு முன்பே கேள். கூச்சப்படாமல் கேள். பதில் சொல்லத் தடுமாறும் இடத்தில் சேராதே.

"காசு இல்லையே..."

பிளஸ் டூ முடித்தாயா? சென்னை தரமணியில் அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் என்று நான்காண்டுப் பட்டப்படிப்புகள். டிகிரி முடித்தவருக்குப் புனே திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனமான எஃப்.டி.ஐ.ஐ.யில் தொலைக்காட்சிக்கென்றே ஓராண்டுப் படிப்புகள் உண்டு. இரண்டுமே அரசு நிறுவனங்கள். விண்ணப்பம் போட்டாயா? போடாமலே ஃபீஸ் கட்ட முடியாது என்கிறாய்!

படிப்பு வேண்டாமா? உன் தெருக் கல்யாண மண்டபத்தில் லைவ் மிக்சிங் போடும் அண்ணனைப் பிடி. மூன்று கேமரா, ஒரு சுவிட்சர், ஒரு எல்.இ.டி. திரை. தாலி கட்டும் நொடியில் எந்தக் கேமராவுக்குத் தாவுவது? கண் கலங்கிய பெண்ணின் அப்பாவையா, மாப்பிள்ளையின் கையையா? கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து முடிவெடுப்பவரும் இதையேதான் செய்கிறார். அங்கே கேமராக்கள் கூடுதல். அவ்வளவுதான் வித்தியாசம்! முகூர்த்த மாதம் முழுக்க அந்த அண்ணனுக்கு வயர் சுருட்டிக் கொடு. வயரைச் சரியாகச் சுருட்டத் தெரிந்தவனை எந்த செட்டிலும் விரட்டமாட்டார்கள்.

மதுரைக்கு ஏதாவது பாட்டு நிகழ்ச்சியின் ஆடிஷன் வருகிறதா? பாடுபவர்கள் வரிசையில் நிற்கட்டும். நீ அந்த வரிசையை ஒழுங்குபடுத்துபவரிடம் போய் நில். "அண்ணே, ஆள் வேணுமா?" என்று கேள். கேட்டால் என்ன குறைந்துவிடும்?

இப்போது உன் உண்மையான பயத்துக்கு வருகிறேன்.

காசு உன் பயமில்லை. இங்கிலீஷும் இல்லை. "டிகிரி முடிச்சவன் செட்டில் டீ வாங்கிக் கொடுக்கிறானாம்" என்று ஊர் பேசுமோ என்கிற பயம்! அதுதானே?

ஆமாம், டீ வாங்கத்தான் சொல்வார்கள். பிளாஸ்க்கைத் தூக்கு! டீ கொடுக்கிற சாக்கில் கண்ட்ரோல் ரூமுக்குள் போகலாம். ஒவ்வொரு கிளாஸ் கொடுக்கும்போதும் ஒரு திரையைப் பார். யார் எந்த பட்டனை எதற்கு அழுத்துகிறார் என்று பார். போடி சி.பி.ஏ. கல்லூரியில் மூன்று வருடம் பெஞ்சில் உட்கார்ந்தபோது கூச்சமில்லாத உனக்கு, நின்றுகொண்டு படிப்பதில் என்ன கூச்சம்?

வலிக்கிற உண்மைகளையும் மறைக்கப் போவதில்லை. சீசன் முடிந்தால் வேலையும் முடியும். அடுத்த வேலை வரைக்கும் கையில் காசு வைத்திரு. பேட்டா இழுத்தடிப்பார்கள், எழுதி வாங்கு. தூக்கம் கெடும். பொங்கலுக்கு ஊருக்கு வர முடியாது. நீ மூன்று நாள் கண்விழித்து வெட்டிய காட்சியை ஒரு நிமிடத்தில் தூக்கிப் போடுவார்கள். அன்றைக்கு பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்து அடுத்ததை வெட்டு!

இன்னொன்று. "சேனலில் சேர்த்துவிடுகிறேன், முன்பணம் கட்டு" என்று எவன் வந்தாலும் ஒரு ரூபாய் கொடுக்காதே. வேலை கொடுப்பவன் உனக்குத்தான் காசு தர வேண்டும்.

"போடி எங்கே, சென்னை எங்கே" என்று புலம்பவும் இனி வழியில்லை. மீட்டர்கேஜ் பாதை 2010 கடைசியில் மூடப்பட்டது. அகலப்பாதை போட்டு 2023 ஜூனில் போடியிலிருந்தே சென்னைக்கு ரயில் விட்டாயிற்று. ராத்திரி ஏறினால் காலையில் சென்ட்ரல்!

ஆனால் வெறுங்கையோடு ஏறாதே. மூன்று நிமிடப் படம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஏறு.

படத்துக்கு எங்கே போவது என்கிறாயா? விடிவதற்கு முன் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் நிற்கிற இடத்துக்குப் போ. தூக்குவாளியோடு காத்திருக்கும் ஒரு அக்காவிடம் அனுமதி கேள். மறுத்தால் கும்பிட்டுவிட்டு அடுத்தவரிடம் கேள். அவர் கையை எடு. ஜீப் வருகிற திசையைப் பார்க்கும் கண்ணை எடு. டிரைவரோடு நடக்கும் பேரத்தைச் சத்தத்தோடு எடு. படம் ஆடினால் மன்னிப்பார்கள், சத்தம் கேட்காவிட்டால் மன்னிக்கமாட்டார்கள். போனைப் பக்கத்தில் கொண்டு போ!

அவருக்கு இன்று இடம் கிடைக்குமா, கிடைக்காதா? இந்த ஒரு கேள்விக்குப் பார்ப்பவனை மூன்று நிமிடம் கட்டிப்போட்டுவிட்டால், ரியாலிட்டி நிகழ்ச்சியின் முதல் பாடம் உனக்குக் கைவந்துவிட்டது.

அலாரத்தை நாலரைக்கு வை. போனுக்கு இப்போதே சார்ஜ் போடு. நாளைக்குக் காலையில் எடு, ராத்திரிக்குள் வெட்டி முடி. முதலில் அந்த அக்காவுக்குப் போட்டுக் காட்டு!