பரணில் படுத்திருக்கும் மகன்

சீடன்: ஐயா, ஜெர்ரி பிண்டோவின் ‘எம் அண்ட் த பிக் ஹூம்’ (2012) படித்தேன். மும்பை மாஹிமில் ஒரு சின்ன வீடு, நான்கு பேர். தாய் இமெல்டா மனநோயால் அலைக்கழிபவள், சாக முயன்றவள். பட்டது அவள், சொல்வது மகன். எல்லார் மனத்துக்குள்ளும் போய்வரும் படர்க்கையில் எழுதியிருந்தால் அவளுக்கு நியாயம் கிடைத்திருக்குமே?

குரு: தாராவியில் உங்கள் வீட்டில் பரண் உண்டல்லவா?

சீடன்: உண்டு. சின்ன வயதில் அங்கேதான் தூங்குவேன்.

குரு: கீழே அப்பா, அம்மா பேசுவது அத்தனையும் காதில் விழும். ஆனால் உனக்கு நேர் கீழே இருப்பவர் கண்ணில் பட மாட்டார். இந்த மகன் இருப்பது அந்தப் பரணில்.

இமெல்டா ஓயாமல் பேசுகிறாள்: வேலைக்குப் போன காலம், காதல், கல்யாணம். கடிதங்களும் நாட்குறிப்புகளும் வேறு. எல்லாம் அவன் காதுக்கு வருகிறது. அவள் மனம் வருவதில்லை. நோய் எப்போது வந்தது என்றால், நீ பிறந்த பிறகு என்கிறாள். உன் படர்க்கைக் கதைசொல்லி இந்த இடத்தில் என்ன செய்வார்? பேறுகாலம்தான் காரணம் என்றோ, இல்லை என்றோ ஒரு வரியில் தீர்த்துவிடுவார். வாசகனுக்கு நிம்மதி. மகனுக்கு அந்த வரி எந்நாளும் கிடைக்காது. தான் பிறப்பதற்கு முன்பிருந்த தாயை அவன் பார்த்ததில்லை. பழியை ஏற்கவும் மறுக்கவும் அவனிடம் சாட்சியில்லை. அந்த நோய் தனக்கும் வந்துவிடுமோ என்ற பயம் வேறு. ‘நான்’ என்று அவன் சொல்வதால்தான் இந்தப் பயம் நம் வயிற்றிலும் இறங்குகிறது. தந்தை அகஸ்டின் குறைவாகப் பேசுபவர். பரணிலிருந்து கேட்பவனுக்கு அவர் இன்னும் எட்டாதவர். தாயின் மனத்தைத் திறந்து காட்டியிருந்தால் அவள் ஒரு நோய்க்குறிப்பாகச் சுருங்கியிருப்பாள். அவன் அறியாததை அறிந்ததாகச் சொல்லாமல் விட்டானே, அவளுக்கு அவன் செய்த நியாயம் அதுதான். எல்லாருக்கும் பெயர் வைத்த நாவல், அவனுக்கு மட்டும் பெயர் வைக்கவில்லை. அதையும் கவனி.

சீடன்: ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ நாவலும் தாயையும் மகனையும் பற்றியதுதான், அது படர்க்கைதானே? பிண்டோவின் நாவல் அவருடைய சொந்தக் கதை என்றும் சொல்கிறார்களே?

குரு: சொந்தக் கதையா என்பது நம் கேள்வி இல்லை. ஜானகிராமன் 1966இல் எழுதிய அந்தப் படர்க்கையும் பெரும்பாலும் மகன் அப்புவை ஒட்டியே நடக்கிறது. தாய் அலங்காரத்தை நாம் அவன் திகைப்பின் வழியாகத்தான் பார்க்கிறோம். தன்மையா படர்க்கையா என்று எண்ணாதே, பரண் எங்கே என்று தேடு. மாட்டுங்கா போய் அந்த நாவலை வாங்கி வா. அப்பு ஊர் திரும்பும் பகுதியிலிருந்து வாசிப்போம்.