நேரமிருந்தால்

பல வருஷங்களுக்கு முன், தஞ்சாவூரில் மாலை வகுப்பு ஒன்றில் ஆங்கில இலக்கணம் கற்பித்து வந்த நாளில், நிபந்தனை வாக்கியங்களைப் பயிற்றுவதற்காக நான் கரும்பலகையில் எழுதிப் போட்ட ஒரு தமிழ் வாக்கியம், மாணாக்கர்களைக் காட்டிலும் என்னையே அதிகமாகச் சோதித்துவிட்டது. ‘நேரமிருந்தால் அக்காவைப் பார்க்கப் போவேன்’ என்பது அந்த வாக்கியம். உதாரணம் தேடிய மனத்துக்குச் சொந்த விஷயமே முதலில் அகப்பட்டது.

அதை ஆங்கிலமாக்கச் சொன்னேன். பாதிப் பேர் ‘இஃப் ஐ ஹாவ் டைம், ஐ வில் கோ’ என்று எழுதினார்கள். மற்றவர்கள் ‘இஃப் ஐ ஹாட் டைம், ஐ உட் கோ’ என்று எழுதினார்கள். முன்னதில் நேரம் கிடைக்கக்கூடும். கிடைத்தால் பயணம் நிச்சயம். பின்னதிலோ, நேரம் இல்லை என்பது முன்பே தீர்மானமாகிவிட்டது. போவதென்பது வெறும் பாவனை. தமிழ் வாக்கியம் இரண்டுக்குமே இடந்தருகிறது என்று நான் விளக்கிக்கொண்டிருக்கையில், பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, சற்றும் குறும்பின்றி, “ஸார், நீங்கள் போவதாக இருக்கிறீர்களா, இல்லையா? அது தெரிந்தால்தானே எழுத முடியும்?” என்று கேட்டான்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆங்கிலத்தின் அந்தப் பிரயோகம் விசேஷமானது. ‘ஹாட்’ என்பது இறந்தகால வடிவம். ஆனால் வாக்கியம் பேசுவதோ இன்றையப் பொழுதைப் பற்றி. இல்லாத ஒன்றைச் சொல்ல நேரும்போது, அதைக் காலத்தில் ஒரு படி பின்னே தள்ளி வைத்து, அது மெய்யினின்று விலகியது என்று காட்டிவிடுகிறது அந்தப் பாஷை. நம்முடைய ‘வந்தால்’ என்ற சொல்லுக்குள்ளும் இறந்தகால இடைநிலை இருக்கத்தான் இருக்கிறது; எனினும், வரப்போகிறவனையும் வரவே மாட்டாதவனையும் அது ஒரே சொல்லால் வரவேற்கிறது. ‘செய்தால்’ என்று பொருள்படும் ‘செயின்’ என்னும் பழைய வாய்பாட்டை நன்னூலார் எதிர்கால வினையெச்சங்களோடுதான் சேர்த்தார். ‘மழை பெய்திருந்தால் பயிர் பிழைத்திருக்கும்’ என்று முடிந்துபோனதைப் பேசும்போதுதான் தமிழ் கதவைத் தாழிடுகிறது. இன்றைய காரியங்களில் அந்தத் தாழ் பெரும்பாலும் விழுவதில்லை. இது பாஷையின் குறைவன்று, தாராளம் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தத் தாராளத்தை நான் ஒளிந்துகொள்ளும் இடமாக்கிக்கொண்டிருந்தேன். ஏனெனில், மூன்று வருஷங்களாக நான் அக்காவுக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் இருந்த அந்த ‘நேரமிருந்தால் வருகிறேன்’ என்பதை, எழுதிய நான் ‘ஹாட்’ என்ற பொருளில் எழுத, வாசித்த அவள் ‘ஹாவ்’ என்ற பொருளில் வாசித்து வந்தாள்.

‘அன்று அப்படிச் செய்திருந்தால்’ என்று கடந்ததை எண்ணி ஏங்குவது வீண் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதை அவ்வளவு கடுமையாகக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. துக்கத்துக்கும் ஒரு பாஷை வேண்டுமல்லவா? இன்னும் ஜீவனோடு இருக்கும் ஒரு காரியத்தை, கைகூடாததன் உருவத்தில் வைத்துப் பேசிப் பேசியே கைகூடாததாக்கிவிடுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. 1910-ல் கிப்ளிங் வெளியிட்ட ‘இஃப்’ என்ற கவிதை, 32 அடிகளும் ஒரே வாக்கியமாக, நிபந்தனைமேல் நிபந்தனையாக அடுக்கிச் செல்வது. ஆயினும் அதில் ஒன்றுகூட அசாத்தியத்தின் வடிவில் இல்லை. மகனுக்குச் சொல்லும் தகப்பன், அவனால் இனிமேல் செய்யக்கூடியதை மட்டுமே சொல்கிறான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலங்களைத் தாண்டினால் திருவையாறு. ஒரு மணி நேரங்கூட ஆகவில்லை. கூடத்தில் முறத்தில் உளுந்தைப் புடைத்துக்கொண்டிருந்த அக்கா, நிமிர்ந்து பார்த்து, முறத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்தாள். முன்தலை முழுதும் நரைத்திருந்தது. ஒரு கடிதத்திலும் அதைப்பற்றி எழுதியதில்லை.

“வரேன்னு ஒரு கார்டு போட்டிருந்தா, முறுக்கு சுட்டு வெச்சிருப்பேனே, தம்பி!” என்றாள்.

இலக்கணப்படி அது நடவாது போன நிபந்தனைதான். அதைச் சொல்லிக்கொண்டே அவள் அடுப்பில் வாணலியை ஏற்றிக்கொண்டிருந்தாள்.